துரை, கால காட்டு

அந்த வீட்டு மாடிக்குக் குடிபோன அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்ட முதல் சட்டம் கால் பற்றியது.

"டீச்சர், வெளிய போயிட்டு வந்தா கீழ இருக்கிற குழாய்ல கால கழுவிக்கினுதான் மாடி ஏறணும். உன் வூட்டுக்காரருக்கும் சொல்லிடு. எங்க துரையே கழுவிக்கினுதான் உள்ள வரான்."

துரை என்றால் வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின்கதவுப் படியில் ஒரு செவலை நாட்டு நாய் நின்றுகொண்டிருந்தது. "துரை, கால காட்டு" என்றாள் வீட்டுக்கார அக்கா. அது வளையல் போட்டுக்கொள்ளக் கை நீட்டுகிற பெண்ணைப் போல முன்னங்காலைத் தூக்கி நீட்டியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. கால் விஷயத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பெயர் வேண்டாம். இன்னும் அதே சின்ன காஞ்சிபுரத்தில், அதே தெருவில்தான் இருக்கிறாள். இதை எழுதினேன் என்று தெரிந்தால், "ஏம்மா, பரீட்சை பேப்பர் திருத்துற வேலையெல்லாம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்பாள்.

அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருக்குச் சாயத் தொழில். பட்டு முதலாளிகள் கொடுக்கிற வெள்ளை நூலுக்குச் சாயம் ஏற்றி, உலர்த்தி, திருப்பிக் கொடுப்பார். வீட்டுக்குப் பின்னால் ஒரு மண் முற்றம், அதன் கோடியில் தகரக் கூரை போட்ட கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு செம்பு அண்டா, விறகடுப்பு, நூல் அலச ஒரு கருங்கல் தொட்டி. தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் முற்றத்தைக் கடந்துதான் சாக்கடைக்குப் போகும். அதனால் அந்த முற்றம் சித்திரை வெயிலில்கூடச் சேறாகத்தான் கிடக்கும். அதுவும் கலர் சேறு. துரைக்குப் படுக்கை கொட்டகையில், சோறு வீட்டுக்குள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தச் சேற்றைக் கடப்பானோ, அவனுக்கே வெளிச்சம்.

வீட்டுக்குள்ளே தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். பால் வெள்ளை.

"சாயக்காரன் வூட்ல வெள்ள டைல்ஸ் போட்ட பொம்பள இந்தக் காஞ்சிபுரத்துலயே இவ ஒருத்திதான் டீச்சர்" என்பார் அண்ணன். "கடக்காரன் கூட கேட்டான், அண்ணே நல்லா யோசிச்சிட்டீங்களான்னு."

"யோசிச்சுதான் போட்டேன்" என்பாள் அக்கா. "வெள்ளையா இருந்தாதான் அழுக்கு தெரியும். தெரிஞ்சாதான் தொடைக்க முடியும். உங்க கொட்டாய் மாதிரி கறுப்புத் தரை போட்டா அழுக்கு மேலயே படுத்துக்கினு கெடக்க வேண்டிதுதான்."

பின்கதவுப் படியில் ஒரு கோணிப்பை விரித்திருக்கும். பக்கத்தில் தண்ணீர் வாளி, பச்சை பிளாஸ்டிக் மக்கு, அண்ணனின் பழைய லுங்கியைக் கிழித்த துணி. முன்னங்கால் இரண்டு, பிறகு பின்னங்கால் இரண்டு. வெறுமனே தண்ணீர் ஊற்றி விட்டுவிடமாட்டாள். விரலை விட்டு நகத்துக்கு நடுவில் இருக்கிற மண்ணையெல்லாம் நோண்டி எடுப்பாள். பிறகு துணியால் ஒற்றி, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து, "போ" என்பாள். அந்த 'போ' வருகிற வரைக்கும் துரை வாசலைத் தாண்ட மாட்டான். என் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஒழுக்கத்தில் பாதி இருந்தாலே போதும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

கழுவும்போதே பேச்சும் நடக்கும். துரையின் காலைப் பார்த்தே கொட்டகையில் என்ன கலர் ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள். "இன்னிக்கு கிளிப்பச்சையா? கார்த்தால மயில்கழுத்துன்னு சொன்னாரே." இல்லாவிட்டால், "வாடாமல்லி போட்டிருக்காரு டீச்சர். இது சீக்கிரத்துல போகாது. அந்த மனுசன்கிட்ட எத்தினி வாட்டி சொல்றது, தண்ணிய ஓரமா உடுங்கன்னு." புருஷன் வாயைத் திறந்து சொல்லாததை நாய் கால் சொல்லிவிடும். அவர்களுக்குள் அது ஒரு மாதிரி தபால்.

ஒரு ஐப்பசி மழையில், அண்ணனுக்குத்தான் மனைவி படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லையோ, விளையாட்டோ, துரையின் நாலு காலிலும் பிளாஸ்டிக் கவரை மாட்டி ரப்பர் பேண்டு போட்டு அனுப்பிவைத்தார். துரை முற்றத்தைச் சுத்தமாகக் கடந்து வந்தான். டைல்ஸில் கால் வைத்தானோ இல்லையோ, நாலு காலும் நாலு பக்கம் போயின. கூடத்தில் சறுக்கிக்கொண்டே போய், மழைக்காக உள்ளே கம்பு கட்டி உலரப் போட்டிருந்த சந்தன நிற நூலுக்கு அடியில் வந்து நின்றான். அண்ணன் கொட்டகை வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா கவர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே இருந்த காலையும் கழுவினாள். "கவர் போட்டா கால் கழுவ வேணாமா?" என்று அவரைக் கேட்டாள். அந்த மனுஷன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நான் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஏன் அக்கா இவ்வளவு கஷ்டம்? நாய்தானே? வெளியில கட்டிப்போட்டு அங்கேயே சோறு வெச்சா முடிஞ்சுது."

அவள் துரையின் காலைக் கையில் பிடித்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்குப் பட்டது.

"எங்கூரு தாமல். தெரியுமில்ல, பெரிய ஏரி இருக்குதே. எங்கம்மா ஒரு பெரிய வூட்ல நடவுக்குப் போவும். நானும் கூடவே போவேன். சாயங்காலம் கூலி வாங்க அந்த வூட்டாண்ட போயி நிப்போம். நான் சின்னப் பொண்ணு, தெரியாம ஒரு நாள் வாசப்படியில கால வெச்சிட்டேன். 'ஏய், சேத்துக் காலு, அங்கயே நில்லு'ன்னாங்க. கழுவிக்கினு வரேன்னேன். எங்கம்மா என் வாயப் பொத்திடுச்சி. கழுவுனாலும் உள்ள உடமாட்டாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சிது."

துணியால் துரையின் காலை ஒற்றினாள். திருப்பிப் பார்த்தாள்.

"அதான் இவன நான் வெளிய நில்லுன்னு சொல்ல மாட்டேன் டீச்சர். கழுவிக்கினு உள்ள வா. அவ்ளோதான். போடா."

அதற்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் முணுமுணுக்காமல் கால் கழுவினோம்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன் என்பது இதுவரை படித்தவர்களுக்கே தெரிந்திருக்கும்.

கார்த்திகை மாதம். காலையிலிருந்து பிடித்த மழை நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்குத்தான் விட்டிருந்தது. தை மாதக் கல்யாணங்களுக்கு ஆர்டர் குவிந்திருந்தது. காலையில் நான் கிளம்பும்போதே அண்ணன் சொல்லியிருந்தார்: "இன்னிக்கு முழுக்க அரக்குதான் டீச்சர். ஊருல எல்லாப் பொண்ணுக்கும் அரக்குப் பொடவதான் வேணுமாம்." அக்காவும் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

நான் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது பின்கதவுப் படியில் அக்காவும் துரையும் மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தார்கள். அவன் காலைக் காட்ட மறுத்தான். இழுத்துப் பிடித்துக் கழுவினாள். முன்னங்கால் இரண்டும் சிவப்பு.

"பாரு டீச்சர் இவன! இப்பதான் கழுவி, கூடம் முச்சூடும் தொடச்சிட்டு நிமுந்தேன். போன வேகத்துல திரும்பி வந்துட்டான். பொண்ணுக்கு மருதாணி வெச்சா மாதிரி இருக்குது பாரு."

துரை அவள் சேலைத் தலைப்பைக் கவ்வி இழுத்தான். அதிலும் சிவப்பு பட்டது.

"சீ, உடுடா! பொடவையெல்லாம் அரக்காக்கிட்டான்." கொட்டகைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "யோவ், இத்த புடிச்சிக் கட்டுய்யா! எத்தினி வாட்டிதான் தொடைக்கிறது?"

பதில் இல்லை. "காது கேக்காத மாதிரியே இருப்பாரு" என்றாள் என்னிடம். நானும் சிரித்துவிட்டு மாடி ஏறினேன். துரை அவள் கையிலிருந்து திமிறிக்கொண்டு மறுபடியும் முற்றத்தில் ஓடியது தெரிந்தது.

அடுப்பில் வைத்த பால் இன்னும் பொங்கக்கூட இல்லை. கீழே ஒரு சத்தம் கேட்டது. அழுகை இல்லை, கூப்பாடு இல்லை. யாரோ மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட முடியாமல் திணறுகிற மாதிரி ஒரு சத்தம். ஓடினேன்.

மூன்றாவது தடவையும் துரை சிவந்த காலோடு வந்ததும், அண்ணனைத் திட்டுவதற்காக மக்கும் கையுமாகக் கொட்டகைக்குப் போயிருக்கிறாள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, கறுப்புத் தரை வழுவழுவென்று இருந்தது. அண்ணன் கருங்கல் தொட்டிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். தொட்டி விளிம்பில் பின்மண்டை அடித்திருக்கிறது. தலைக்கடியில் இருந்து வழிந்தது வாசல் வரை வந்திருந்தது. அதில்தான் துரை நடந்து நடந்து வந்திருக்கிறான். பச்சை மக்கு அக்கா காலடியில் கவிழ்ந்து கிடந்தது. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நானும் பார்த்தேன். அண்டாவில் இருந்தது வெறும் தண்ணீர். அடிச்செம்பு தெரிகிற அளவுக்குத் தெளிந்த தண்ணீர். விறகு மழையில் நனைந்து கிடந்தது, அடுப்பு பற்றவைக்கவே இல்லை. அரக்குச் சாயப்பொடி மாடத்தில் கட்டின கட்டு பிரிக்காமல் இருந்தது.

"இன்னும் கலக்கவே இல்ல" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் எப்போதோ போய்விட்டது என்றார்கள். மறுநாள் உடம்பைக் கொடுக்கும்போது ஒரு இளம் டாக்டர், நல்ல பிள்ளை, அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, விழுந்த அந்த நிமிஷத்திலேயே போயிருப்பார், யார் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். பக்கத்தில் நான் நின்றிருந்தேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் கால் கழுவவில்லை. யார் கழுவுவார்கள்? மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தெருச் சேறு அத்தனையும் அந்த வெள்ளைத் தரைக்கு வந்து சேர்ந்தது. செருப்புத் தடம், வெறுங்கால் தடம், குழந்தைகள் வழுக்கின தடம். அக்கா சுவரோரமாக உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துரையை அக்காவின் மருமகன் வாசல் கேட்டில் கட்டிப்போட்டிருந்தார். அவன் விடாமல் குரைத்துக்கொண்டே இருந்தான்.

அந்த ஒரு நாள் முழுக்க அவள் வாய் திறந்து கத்தினது ஒரே ஒரு தடவைதான். "அவன உள்ள உடுங்க!"

"அம்மா, காலெல்லாம் சேறும்மா" என்றாள் வேலூரில் கட்டிக்கொடுத்த மகள்.

"உள்ள உடுடி!"

துரை சேற்றுக் காலோடு கூடத்தைக் கடந்து வந்து அண்ணன் கால்மாட்டில் படுத்தான். படியில் நின்று யாரிடமும் காலைக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

உடம்பை எடுத்த பிறகு வழக்கப்படி பெண்கள் வீட்டைக் கழுவிவிடத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அக்கா எழுந்து குறுக்கே நின்றாள். "கழுவ வேண்டியதெல்லாம் நான் நேத்தே கழுவிட்டேன். இனிமே இன்னாத்த கழுவப் போறீங்க?" குடத்தோடு வந்தவர்கள் அவளைக் கைத்தாங்கலாக ஓரமாக உட்காரவைத்துவிட்டுக் கழுவினார்கள். எங்கள் தெருவுக்கு வாய் மட்டும் ஒரு முழம் நீளம். "அங்க புருசன் உயிரு போயிக்கினு இருக்குது, இவ நாய்க்குக் கால் கழுவிக்கினு இருந்தாளாம்" என்று குழாயடியில் ஒருத்தி ஆரம்பித்தாள். நான் போய் நன்றாகக் கேட்டுவிட்டு வந்தேன். என்ன பிரயோஜனம்? மறுநாள் வேறொருத்தி அதையே சொன்னாள்.

மகள் வேலூருக்குக் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்றுவிட்டாள். துரையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம், ராசியில்லாத நாய் என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னபோது, அவரை வீட்டைவிட்டுப் போகச் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து என்னைக் கேட்டாள்.

"அந்த டாக்டர் சொன்னாரே டீச்சர், உழுந்த ஒடனே போயிருப்பாருன்னு. நெசமா இருக்குமா?"

"டாக்டர் பொய் சொல்வாராக்கா?"

"அப்போ இவன் ஏன் மறுக்கா மறுக்கா வந்தான்? செத்துப்போனவருக்கு இன்னா செய்யணும்னு என்ன கூப்புட வந்தான்? மொத வாட்டி வந்தப்ப உசுரு இருந்திருக்கும். எம்பேரச் சொல்லிக் கூப்ட்டிருப்பாரு. நான் நகத்துக்கு நடுவுல நோண்டிக்கினு இருந்தேன்."

"அப்படியெல்லாம் இல்லக்கா. நாய்க்கு என்ன தெரியும்?"

"தெரிஞ்சுதான வந்துது" என்றாள். "எனக்குத்தான் தெரில."

ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் நான். அன்றைக்கு அவள் பக்கத்தில் படியில் உட்கார மட்டும்தான் தெரிந்தது.

கொட்டகை மூடிவிட்டது. முற்றம் காய்ந்துபோனது. ஆனால் துரைக்குத் தெருவில் சேற்றுக்கா பஞ்சம்? அடுத்த மழைக்காலம் வந்தது. ஒரு நாள் துரை சேறும் சகதியுமாக வந்து படியில் நின்று, பழைய ஞாபகத்தில் காலைத் தூக்கினான். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா மக்கைத் தொடவில்லை. "எங்க போயிட்டு வந்தே?" என்றாள். "காட்டு."

அவன் புரியாமல் நின்றான். அவள் படியிறங்கி, அவன் கால் தடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பக்கச் சந்து வழியாக, கேட்டைத் தாண்டி, தெருவில். செருப்புகூடப் போடவில்லை. துரை பின்னாலேயே போனான். தடம் தெருமுனையில், தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்த பள்ளத்தில் போய் முடிந்தது. அவள் குனிந்து அந்தப் பள்ளத்துக்குள் பார்த்தாள். கலங்கின தண்ணீர்தான் இருந்தது. ஒரு குச்சியை எடுத்து அடிவரைக்கும் விட்டுத் துழாவினாள். யாரும் இல்லை. திரும்பி வந்தாள். அதற்குப் பிறகுதான் துரையின் காலைக் கழுவினாள்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. துரை சேற்றோடு வந்தால் முதலில் போய்ப் பார்ப்பாள், பிறகுதான் கழுவுவாள். கோயில் மதிலோரம், குப்பைமேடு, கட்டிக்கொண்டிருக்கும் வீடு, எங்கே தடம் போகிறதோ அங்கே. அடுப்பில் சோறு குழையட்டும், வாசலில் யார் வேண்டுமானாலும் காத்திருக்கட்டும். பிள்ளைகள் பின்னால் நின்று சிரிக்கும். அவளுக்கு அது காதில் விழாது. கொஞ்ச நாளில் துரையும் பழகிக்கொண்டான். படிக்கு வந்து காலைத் தூக்குவதை விட்டுவிட்டான். வந்து ஒரு தரம் முகத்தைக் காட்டிவிட்டு, திரும்பித் தெருவைப் பார்த்து நிற்பான், அவள் வரட்டும் என்று.

"அக்கா, போதும்க்கா. ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சதுதானே?" என்று ஒரு தரம் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"போயிப் பாத்தாதான ஒண்ணுமில்லன்னு தெரியும்" என்று கையை விடுவித்துக்கொண்டு போனாள்.

நாங்கள் செவிலிமேட்டில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போய்விட்டோம். போன மழைக்காலத்தில், பெருமாள் கோயில் பக்கம் ஒரு வேலையாக வந்தவள், பஸ்ஸை விட்டு இறங்கி அவளைப் பார்க்கப் போனேன். மழை விட்டு வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. தெருவெல்லாம் தோண்டிப் போட்டு, கணுக்கால் வரை களிமண். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

கோணிப்பையும் வாளியும் மக்கும் இப்போது வாசல்படிக்கு வந்திருந்தன. அக்கா கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. காலடியில் துரை, கண்ணில் பூ விழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. அவன் வாசலைத் தாண்டுவதே இல்லை என்று தெரிந்தது, பாதம் நாலும் அவ்வளவு சுத்தம். உள்ளே தரை அதே பால் வெள்ளை. என் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம்தான். "டீச்சரா! வா வா" என்றாள். அப்புறம் பார்வை கீழே இறங்கியது. என் காலைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"எங்கேந்து வர?"

"வீட்லேந்துதான்க்கா. பஸ்ல வந்தேன்."

"எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்கக்கா."

அவள் கேட்டுக்கொண்டாளா தெரியவில்லை. என்னைத் தாண்டிப் படியிறங்கினாள். வெறுங்காலோடு, கண் தரையிலேயே இருக்க, என் தடத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். துரை எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை, படியிலேயே தலையை வைத்துக்கொண்டான். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நிற்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். பஸ் நிறுத்தம் வரை போனாள். நான் இறங்கின இடத்தில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு அவளைச் சுற்றிப் போனது.

திரும்பி வந்தபோது அவள் காலும் என் கால் மாதிரியே களிமண்ணாக இருந்தது.

"யாரும் இல்ல" என்றாள்.

கோணிப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மக்கில் தண்ணீர் மொண்டாள்.

"கால காட்டு" என்றாள். நான் காட்டினேன்.